குழந்தை இருந்த அறையின் ஜன்னல்கள்

என் தங்கைக்குப் பிறந்த பெண் குழந்தையை முதன்முதலில் பார்த்தபோது, இவ்வளவு சிறியதாகக்கூட ஒரு மனித உயிர் இருக்க முடியுமா என்றுதான் தோன்றியது. எட்டு மாதம் நிறைவதற்குள் பிறந்துவிட்டாள். என் சுண்டு விரலை அவள் உள்ளங்கையில் வைத்தால் அந்தக் கை முழுவதும் நிறைந்துவிடும். தோல் அவ்வளவு மெல்லிசு. உள்ளே ஓடும் நரம்புகள் நீலமாகத் தெரியும்.

தங்கைக்கு அதற்கு முன் இரண்டு முறை கரு கலைந்திருந்தது. அவளும் கணவரும் கர்நாடக எல்லையோரத்தில் தமிழர்கள் வாழும் எங்கள் சொந்த ஊரான மார்டள்ளியில் மஞ்சளும் மக்காச்சோளமும் போட்டுப் பிழைக்கிறவர்கள். வலி கண்டதும் கொள்ளேகாலுக்குப் போய், அங்கிருந்து ஆம்புலன்ஸில் மைசூருக்கு வந்தார்கள். நான் மைசூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பழைய வீடு ஒன்றில் வாடகைக்குத் தனியாக இருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் பல வாரம் கிடந்தாள். இப்படிப் பிறக்கும் குழந்தைகள் சில சமயம் மூச்சு விடுவதையே மறந்துவிடும் என்பதை நான் அங்கேதான் தெரிந்துகொண்டேன். மானிட்டர் கத்தும். நர்ஸ் ஓடி வந்து குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டுவார். திடுக்கிட்டதுபோல மார்பு மறுபடி ஏறி இறங்கும். தங்கையின் கணவர் அதை ஒரு தடவை பார்த்தார். அன்றைக்குப் பிடித்த பயம் அவரை விடவே இல்லை. குழந்தையின் மூக்கருகே உள்ளங்கையை வைத்து, காற்று படுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். "அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டாள், இனி தானாக மூச்சு விடுவாள்" என்று டாக்டரம்மா சொன்ன பிறகும் அந்தக் கை மூக்கைவிட்டு நகரவில்லை.

கார்த்திகை மாதத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். எடை கூடும் வரை ஊருக்குப் போக வேண்டாம், பக்கத்திலேயே இருங்கள் என்றார் டாக்டரம்மா. குழந்தையைத் துணியில்லாமல் யாராவது ஒருவர் மாறி மாறி நெஞ்சோடு அணைத்து வைத்திருக்க வேண்டும், உடம்புச் சூடுதான் இனி அவளுக்குப் பெட்டி, குளிர்காற்று மட்டும் படவே கூடாது என்றும் சொல்லி அனுப்பினார். ஊரில் மாட்டையும் காட்டையும் உறவுக்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டு மூவரும் என் வீட்டுக்கு வந்தார்கள்.

குளிர்காற்று படாமல் வைத்திருக்க என் வீட்டைவிட மோசமான இடம் மைசூரில் இருந்திருக்காது.

தெருவைப் பார்த்த பெரிய அறையில் மூன்று ஜன்னல்கள். ஒவ்வொன்றும் ஆளைவிட உயரம். தேக்குச் சட்டம், சின்னச் சின்னச் சதுரமாகக் கண்ணாடி, நடுவில் இரும்புக் கம்பி. எத்தனையோ வருட வெயிலிலும் மழையிலும் மரம் சுருங்கிக் கோணிப் போயிருந்தது. எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் இரண்டு கதவுக்கும் நடுவில் ஒரு பென்சில் நுழையும். "விஜயநகர் பக்கம் புது வீட்டுக்கு வந்துடுங்க மிஸ், அலுமினிய ஜன்னல், ஒரு தூசி உள்ள வராது" என்று கூட வேலை செய்யும் ஆசிரியை ஒருவர் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த ஜன்னல்களைப் பிடிக்கும். கோடையில் மின்விசிறி இல்லாமலே தூங்கலாம். ஆனால் அவர்கள் வந்த வாரம் வங்கக்கடலில் புயல். கடலே இல்லாத மைசூரில் நாளெல்லாம் தூறலும் ஊதல் காற்றும். சாத்திய ஜன்னலின் திரைச்சீலை, யாரோ பின்னால் நின்று மூச்சு விடுவதுபோலப் புடைத்துப் புடைத்து அடங்கியது.

தங்கை குழந்தையை நெஞ்சில் போட்டு, மேலே கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அக்கா, எங்கிருந்தோ கழுத்துல வந்து படுது. எந்தப் பக்கம் திரும்பினாலும் படுது" என்றாள். குழந்தையின் பாதத்தைத் தொட்டேன். சில்லென்று இருந்தது.

தங்கையின் கணவர் ஜன்னல் முன்னால் போய் நின்று கையை நீட்டிப் பார்த்தார். "இங்கயும் வருதுங்க, அங்கயும் வருதுங்க. எதுன்னு அடைக்கிறதுங்க நங்கையா?" மனைவியின் அக்காவை எங்கள் பக்கத்தில் நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள்.

அப்போதுதான் எனக்கு ஊதுபத்தி ஞாபகம் வந்தது. தங்கையையும் குழந்தையையும் சமையலறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு, ஒரு பத்தியைக் கொளுத்தினேன். அறையின் நடுவில் பிடித்தபோது புகை நேராக மேலே போனது. ஜன்னலின் அருகே கொண்டுபோனதும் சட்டென்று முறிந்து, படுத்து, என் முகத்துக்கு வந்தது. கொஞ்சம் கீழே இறக்கினேன். அங்கே புகை சுருண்டது. தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோடாகப் பாய்ந்தது. கம்பி மரத்துக்குள் இறங்கும் துளை ஒவ்வொன்றிலும் தனித்தனியாக ஒரு காற்று வந்துகொண்டிருந்தது. வீட்டில் இத்தனை வருடம் இருந்திருக்கிறேன், காற்று வருகிறது என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். அது எந்த வழியில் வருகிறது, எப்படி வளைகிறது, எங்கே வேகம் பிடிக்கிறது என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

"சாமி! இத்தன வாய்க்காலாங்க!" என்றார் அவர். விவசாயிக்கு அது தண்ணீர் ஓடுவதுபோலத்தான் தெரிந்திருக்கிறது.

புகை வளைந்த இடத்திலெல்லாம் என் சாக்பீஸால் வட்டம் போட்டோம். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால் ஜன்னல் முழுவதும் வட்டம். கண்ணாடியைப் பிடித்திருந்த லப்பம் காய்ந்து உதிர்ந்த இடங்கள், மரத்துக்கும் சுவருக்கும் நடுவே விட்டுப்போன இடைவெளிகள், கதவுகள் சேரும் நடுக்கோடு. அவர் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பங்க்சர் கடையிலிருந்து வீணாய்ப்போன சைக்கிள் டியூப்களை அள்ளிக்கொண்டு வந்தார். ஹார்டுவேர் கடையில் ஒரு டப்பா லப்பமும் வாங்கியிருந்தார்.

டியூபை நீளநீளமாக நறுக்கிக் கதவு சட்டத்தில் மோதும் விளிம்பில் சின்ன ஆணிகளால் அடித்தார். சத்தம் வராமலிருக்க ஆணித் தலையில் துணியை வைத்து அடித்தார். நான் ஸ்டூலில் ஏறி உதிர்ந்த லப்பத்தைச் சுரண்டிவிட்டுப் புதியதை விரலால் அழுத்தினேன். சுவரோரத்தில் பழைய வேட்டியைக் கிழித்து முறுக்கி ஸ்க்ரூடிரைவரால் உள்ளே திணித்தோம். எல்லாம் முடிந்ததும் மறுபடி பத்தி கொளுத்தினோம். அதே தாழ்ப்பாள் பக்கம். புகை நட்டு வைத்த குச்சிபோல மேலே போயிற்று. வெளியே தென்னை மட்டை பேயாட்டம் ஆடுகிறது, உள்ளே புகை அசையவில்லை. இரண்டு பேரும் பத்தி பாதி எரியும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அறை கதகதப்பாயிற்று. குழந்தையின் பாதம் வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு சின்ன ஹீட்டரும் வாங்கி வைத்தோம். தங்கை அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் பார்த்தால் தெருவைக் காணோம். மூன்று ஜன்னலும் வெள்ளை வெளேரென்று மூடியிருந்தன. பனி என்று நினைத்து வெளிப்பக்கம் போய்த் துடைத்தேன். வெளியே காய்ந்திருந்தது. ஈரம் உள்ளே. விரல் வைத்ததும் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கோடாக இறங்கி, கீழ்ச்சட்டத்தில் தேங்கின. ஒரு துண்டால் துடைத்துப் பிழிந்தேன். துண்டு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

தூறல் நிற்கவில்லை. தினமும் அப்படியே ஆயிற்று. ஜன்னலிலிருந்து வழிந்த நீர் சுவரோடு இறங்கி, கட்டிலின் மெத்தை ஓரத்தை நனைத்தது. பீரோவுக்குப் பின்னால் சுவரில் கறுப்புப் புள்ளிகள் பூத்தன. அறைக்கு ஒரு வாடை வந்தது, நனைந்த சாக்கு வாடை. குழந்தை மூக்கால் கர்கர் என்று இழுக்க ஆரம்பித்தாள். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் அப்பாவின் முகம் வெளிறிப்போகும்.

எடை பார்க்க வீட்டுக்கு வரும் நர்ஸ் ஒருவர் இருந்தார். மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் தமிழில் பாதி கன்னடம். உள்ளே கால் வைத்ததுமே மூக்கைச் சுளித்தார். "ஏன் மிஸ், கிடகி எல்லாம் பெவரு உட்டு நிக்குது? பாப்பாக்கு கெட்ட காளி பட கூடாதுன்னா நல்ல காளியும் பட கூடாதா?" கிடகி ஜன்னல், பெவரு வியர்வை, காளி காற்று. ஜன்னலுக்கு வியர்த்திருக்கிறது என்றார். குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு, சளி இறங்கவில்லை, மூக்கோடுதான் இருக்கிறது, ஆனால் இந்த ஈரத்தை முதலில் வெளியே அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் அறையின் நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தேன். மழைக்காகக் குழந்தையின் துணிகளையெல்லாம் அங்கேயே கயிறு கட்டிக் காயப்போட்டிருந்தோம். ஹீட்டர் அவற்றைக் காய வைத்துக்கொண்டிருந்தது. காய்ந்த துணியிலிருந்து நீர் எங்கே போகும்? ஐஸ் போட்ட டம்ளரைப் பலகையில் வரைந்து, வெளிப்பக்கம் நீர்த்துளிகளைப் புள்ளி புள்ளியாக வைத்து, "காற்றில் நீராவி இருக்கிறது, குளிர்ந்த பரப்பைத் தொட்டால் நீராகிறது" என்று நான் கன்னடத்தில் சொல்லிக்கொடுக்காத வருடம் கிடையாது. பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். நானும் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். அந்தப் பாடம் இப்போது என் வீட்டில் என்னைச் சுற்றி நின்றுகொண்டிருந்தது. நாங்கள் காற்றை வெளியே நிறுத்திய அன்றே நீரை உள்ளே பூட்டிவிட்டோம்.

"அடைச்சதெல்லாம் பிடுங்கிடலாமுங்களா?" என்று கேட்டார் தங்கையின் கணவர். குரலில் அழுகை இருந்தது.

"வேண்டாம் மாப்பிள்ளை. காத்து வரட்டும். ஆனா நாம சொல்ற வழியில வரட்டும்" என்றேன்.

துணிக் கயிற்றை அவிழ்த்துப் பின்கட்டில் கட்டினோம். கட்டிலை ஜன்னல் சுவரிலிருந்து இழுத்து, வெளிக்காற்று தொடாத உட்சுவர் ஓரமாகப் போட்டோம். அந்த அறையில், தெருவுக்கு எதிர்ப்பக்கச் சுவரில், கூரைக்குச் சற்றுக் கீழே கயிறு கட்டி இழுக்கிற ஒரு வெண்டிலேட்டர் உண்டு. நான் குடிவந்த நாளிலிருந்து அது திறந்ததே இல்லை. அவர் ஏணி வைத்து ஏறி, பெயிண்ட் ஒட்டிக்கொண்டிருந்த விளிம்பைக் கத்தியால் கீறி, ஒரு விரல் அகலத்துக்குத் திறந்தார். காற்று அந்தப் பக்கம் அடிக்கவில்லை. அதனால் உள்ளே வரவில்லை. ஆனால் அறையில் சூடாகி மேலே ஏறும் ஈரக்காற்று அதன் வழியே வெளியே போக ஆரம்பித்தது. போகிற காற்றுக்கு ஈடாகக் கொஞ்சம் உள்ளே வரட்டும் என்று, கட்டிலுக்கு எட்டாத மூலை ஜன்னலில் ஒரு சாண் அளவு டியூபை மட்டும் எடுத்துவிட்டோம். ஊதுபத்தியைக் கொண்டுபோய்ப் பார்த்தோம். புகை அந்த மூலையிலிருந்து மெல்லக் கிளம்பி, அறையைக் குறுக்கே கடந்து, உயரம் ஏறி, வெண்டிலேட்டரில் நுழைந்து மறைந்தது. கட்டில் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

சில நாளில் வாடை போயிற்று. குழந்தையின் மூக்கும் சரியாயிற்று. கறுப்புப் புள்ளிகளைச் சோப்பு நீரால் துடைத்தெடுத்தேன். ஜன்னலில் ஈரம் படிவது முழுதாக நிற்கவில்லை. மார்கழி பிறந்து விடியற்குளிர் கூடியதும் கண்ணாடியின் கீழ்ப்பாதி மட்டும் தினமும் மங்கும். அதைத் துடைத்து ஒரு கிண்ணத்தில் பிழிவது என் காலை வேலையாயிற்று.

ஒரு நாள் தங்கை படுத்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்பத்தான் துணி எதுவும் இங்க காயறதில்லையே. இந்தத் தண்ணி எங்கிருந்து வருது அக்கா?" என்றாள்.

"நம்மகிட்ட இருந்துதான். ராத்திரியெல்லாம் விட்ட மூச்சு."

அவள் எழுந்து உட்கார்ந்து, "அதுல பாப்பா மூச்சும் இருக்குமா?" என்று கேட்டாள்.

"இருக்கும்" என்றேன். சொன்ன பிறகுதான் நான் சொன்னது என்னவென்று எனக்கே உறைத்தது. கையில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தேன். கலங்கலாக, அடியில் கொஞ்சம் தூசியோடு, கொஞ்சம் தண்ணீர். நான்கு பேர் உறங்கிய ஓர் இரவு அது. அதில் எந்தத் துளி யாருடையது என்று யாராலும் பிரிக்க முடியாது. தங்கை கையை நீட்டிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு அது சாக்கடைக்குப் போகவில்லை. வாசலில் இருந்த செம்பருத்தித் தொட்டியில் அவளே ஊற்றினாள்.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொன்னாலும் குறைவாகத்தான் இருக்கும்.

பள்ளி விடுமுறை நாள் ஒன்றில் காலை. நான் கண்ணாடிகளைத் துடைத்து முடித்திருந்தேன். தங்கை குளிக்கப் போயிருந்தாள். அவள் கணவர் சட்டையில்லாமல் குழந்தையை நெஞ்சில் வைத்து, மனைவியின் பருத்திப் புடவையால் சுற்றிக் கட்டிக்கொண்டு, வழக்கம்போல அறைக்குள் நடந்துகொண்டிருந்தார். நான் சமையலறையில் இருந்தேன். அவர் குரல் கேட்டது. கூப்பிடுகிறார், ஆனால் ரகசியம்போல.

"நங்கையா. இங்க வாங்க. சத்தம் போடாம வாங்க."

குழந்தைக்குத்தான் ஏதோ என்று அடுப்பை அப்படியே விட்டேன். போய்ப் பார்த்தேன். அவர் ஜன்னலை ஒட்டி அசையாமல் நின்றிருந்தார். குழந்தையின் தலை அவர் நெஞ்சில் பக்கவாட்டில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்து, கண்ணாடிக்கு மிக அருகில். துடைத்த கண்ணாடியில் அவள் வாய்க்கு நேராக ஒரு சின்ன வெள்ளை வட்டம். ஒரு ரூபாய் நாணயம் அளவு இருக்கும். நான் பார்க்கும்போதே அது ஓரத்திலிருந்து சுருங்கி, மிளகளவாகி, மறைந்தது. மறைந்த இடத்தில் தெருவின் வேப்பமரம் தெரிந்தது. உடனே மறுபடி வந்தது. சுருங்கிற்று. மறுபடி வந்தது.

நாங்கள் இரண்டு பேரும் எங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். எங்கள் மூச்சு பட்டால் அது கலைந்துவிடும் என்று பயம். இத்தனை நாள் உள்ளங்கையை வைத்து வைத்து அவர் தேடிக்கொண்டிருந்தது கண்ணுக்கு முன்னால் தானாக வந்து வந்து போனது. யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. யாரும் உள்ளங்காலைச் சுண்டவில்லை. வட்டம் மறையும் ஒவ்வொரு முறையும் அடுத்தது வருமா என்று கண்ணாடியையே பார்த்தேன். அது ஒரு முறைகூட வராமல் இருக்கவில்லை.

தங்கை ஈரத்தலையோடு வந்து எங்கள் பின்னால் நின்றாள். பார்த்ததும் புரிந்துவிட்டது. புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

"விடுது பாரு" என்றார் அவர் மனைவியிடம். "அதுபாட்டுக்கு விடுது பாரு."

மண்ணைக் கொத்திக் கொத்திக் காய்த்துப்போன அந்தப் பெரிய கைகளைக் குழந்தையின் மூக்கருகே கொண்டுபோவதை அன்றோடுதான் அவர் நிறுத்தினார். அதன்பின் அவர் உள்ளங்கை வைத்துப் பார்த்து நான் பார்க்கவில்லை. அன்றைக்குக் கால் மரத்துப்போகும் வரை அந்த இடத்தைவிட்டு அவர் நகரவும் இல்லை.

தை பிறந்தது. கன்னங்கள் வந்தன, தொடையில் மடிப்பு வந்தது. நர்ஸ் எடை பார்த்துவிட்டு, "சாக்கு சாக்கு, இனி இவள தூக்கினா என் கை நோவுது" என்று சிரித்தார். சாக்கு என்றால் கன்னடத்தில் போதும். டாக்டரம்மாவும் ஊருக்குப் போகலாம் என்றுவிட்டார்.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு நல்ல வெயில் நாளில், மத்தியானம், ஜன்னல்களைத் திறக்கலாம் என்று முடிவு செய்தோம். தங்கை குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு அறையின் நடுவில் நின்றாள். அவள் கணவர் தாழ்ப்பாளைத் தூக்கினார். டியூப் ஒட்டிக்கொண்டு, ஒரு முனகலோடு விட்டது. இரண்டு கதவும் ஒன்றாகத் திறந்தன. தெருவின் சத்தமும் வெயிலும் வேப்பம்பூவில்லாத வேப்பமரத்தின் வாசனையும் ஒரே வீச்சில் உள்ளே வந்தன.

காற்று குழந்தையின் முகத்தில் பட்டது. அவள் பிறந்ததிலிருந்து அதற்கு முன் பட்டதே இல்லை. கண்களை இறுக மூடிக்கொண்டாள். கைகள் இரண்டும் விரிந்தன. வாயை அகலத் திறந்து ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுத்தாள், அவ்வளவு சின்ன உடம்புக்குள் எப்படிப் போயிற்று என்று தெரியாத அவ்வளவு பெரிய மூச்சு. "மூடுங்க, மூடுங்க" என்று தங்கை பதறினாள். அவர் கதவில் கை வைப்பதற்குள் காற்று தானாக அடங்கிவிட்டது.

குழந்தை கண்ணைத் திறந்தாள். அழவில்லை. முகத்தில் பட்டது எங்கே போயிற்று என்பதுபோல ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவில் வைத்த கையோடு அவள் அப்பாவும், மூச்சை அடக்கிக்கொண்டு தங்கையும் நானும், அடுத்த காற்று வரட்டும் என்று அவளோடு சேர்ந்து காத்திருந்தோம்.